நிற்கிற லொறியில் சொல்லாத செய்தி

கிண்ணியாப் பாலத்தில் பாதித் தூரம் வந்துவிட்டேன். தோளில் பை. பைக்குள் இரண்டு சாரம், ஒரு சேர்ட், ஒரு துவாய், சோப்புப் பெட்டி. என் சொத்து அவ்வளவுதான். எந்த வேலையையும் எந்த நிமிடமும் விட்டுவிட்டு நடக்கலாம் என்பதற்காகவே சொத்தைக் கூட்டாமல் வைத்திருக்கிறேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. சாம்பல்தீவில் எட்டாம் வகுப்போடு புத்தகப் பையை மூலையில் போட்டவன் நான். தம்பலகாமத்தில் வெட்டு மிஷினுக்குப் பின்னால் நெல்மூட்டை கட்டினேன். வெருகலில் மணல் அள்ளினேன். சில இடங்களில் துரத்தினார்கள். பல இடங்களில் நானே நடந்துவிட்டேன். நடக்கும்போது விசிலடிப்பது என் பழக்கம்.

இந்தமுறை விசில் வரவில்லை.

துரத்தியிருந்தால் வந்திருக்கும். ஏசியிருந்தால் இன்னும் சத்தமாக வந்திருக்கும். சோறு போட்டு அனுப்பிவிட்டார்களே... என்ன செய்வது?

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என் பையைப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"சீனக்குடாப் பக்கம்."

"நடந்தா? பஸ் வருமே!"

"வரட்டும்" என்றேன். பஸ் வந்தது. போனது. நான் நடந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மாதமாக லொறியில் கிளீனர் வேலை. கிளீனர் என்றால் லொறி கழுவுகிறவன் மட்டும் என்று நினைக்காதீர்கள். லொறியைப் பின்னால் எடுக்கும்போது அதன் உடம்பில் தட்டி "வரட்டும், வரட்டும்" என்று கத்த வேண்டும். மூட்டைகளுக்கு மேலே மூடுகிற படங்கை இழுத்துக் கட்ட வேண்டும். தேத்தண்ணி வாங்கி வர வேண்டும். முக்கியமாக, சாரதிக்குக் கண் சொருகாமல் கதை கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி வேலைக்காகத்தான் என்னை எடுத்தார்.

"லைசன் இல்லாட்டிப் பரவாயில்ல. உங்களுக்கு வாய் இரிக்கு தம்பி, அது காணும்" என்றார் நசீர் காக்கா.

நசீர் காக்கா கிண்ணியாக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். லொறியில் ஏறினால் செருப்பைக் கழற்றி ஆசனத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார் — பிரேக்கை வெறுங்காலால் மிதித்தால்தான் வண்டி என்ன நினைக்கிறது என்று தெரியுமாம். பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

அந்த வாரம் உரம். கப்பலில் வருகிற உரத்தை மூட்டை கட்டி லொறிகளுக்கு ஏற்றுகிற இடம் ஒன்று சீனக்குடாவில் கடலோரமாக இருக்கிறது. எந்த இடம் என்று எழுதமாட்டேன். எழுதினால் எனக்கு அங்கே வேலை இராது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து விடிய வெளிக்கிட்டு வெறும் லொறியாக வந்தோம். காலைச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிட்டோம். வாசலுக்கு முந்நூறு மீற்றர் முன்னால் வரிசையின் வாலைப் பிடித்தோம். அத்தனை ஊர் தாண்டிவர அரைப் பகல்கூட ஆகவில்லை. கடைசி முந்நூறு மீற்றருக்கு இரண்டு நாள் போதவில்லை.

ஏன்?

ஒரு நேரம் மழை முகில். உரம் நனையக்கூடாது என்று எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். மழை பெய்யாது. முகில் போனால் தராசு வேலை செய்யாது. தராசு சரிவந்தால் கிளார்க் சாப்பிடப் போயிருப்பார். கிளார்க் வந்தால் மூட்டை தைக்கிற மிஷினுக்கு நூல் முடிந்திருக்கும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லா நியாயங்களையும் சேர்த்தால் இரண்டு நாள் வந்துவிடுகிறது.

லொறிச் சாரதி என்றால் ஓடுகிறவர் என்றுதானே நீங்களும் நானும் நினைக்கிறோம்? மூன்று மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன் — அவர் நிற்கிறவர். ஓடுவது, ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையில் அவருக்குக் கிடைக்கிற ஓய்வு.

அந்த வரிசை ஒரு தெரு மாதிரி. பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்கிறார்கள். படங்குக் கயிற்றில் சாரம் காய்கிறது. லொறிக்கு அடியில் சின்ன காஸ் அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. எந்த லொறியின் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். பாயைத் தூக்கிக்கொண்டு நிழலோடு நகர்கிறார்கள்.

எங்களுக்குப் பின்னால் நின்றவர் வவுனியாச் சிவம் அண்ணை. தலையில் ஒரு மயிர் இல்லை. வாயில் குறைவில்லை.

"காக்கா, உங்கட பின் ரயருக்குக் கீழ புல்லு முளைச்சிட்டுது. நாளைக்கு ஒரு ஆடு கொண்டுவந்து கட்டுறன்."

"முளைக்கட்டும் அண்ணே. ரெண்டு நாளில என்ட ரயருக்குக் கீழ முளைக்குது. ஐம்பது வருசமா உங்கட தலையில முளைக்கல்லியே!"

சிவம் அண்ணைதான் எல்லாரிலும் சத்தமாகச் சிரித்தார்.

வரிசையில் மூன்று சட்டம். வரிசையில் சேரும்போது தருகிற இலக்கத் துண்டைக் கூப்பிட்டுப் பத்து நிமிடத்துக்குள் லொறி நகராவிட்டால், வாலுக்குப் போக வேண்டும். வாசலுக்குள் போகிற பாஸ் சாரதியின் பெயரில் இருக்கும், ஆகவே அவர்தான் ஓட்டிப் போக வேண்டும். உள்ளே போனால் ஏற்றி முடியும்வரை வெளியே வர ஏலாது. இதனால் யாரும் லொறியை விட்டு அசைவதில்லை. கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று... கண் முழுக்க வாசலில்.

இவ்வளவுக்கும் சீனக்குடாவில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் கிண்ணியா தெரிகிறது. மாலையில் பள்ளிவாசல் வெளிச்சத்தைக் காட்டி, "அதுக்குப் பின்னால நாலாவது ஒழுங்கை. உம்மாட வீடு" என்றார் நசீர் காக்கா. ஓட்டோ பிடித்தால் அரை மணித்தியாலம். இரண்டு நாளும் போகவில்லை. போக ஏலவில்லை.

இனி நான் சொல்லப்போவது லொறிக்காரர்களின் வழக்கம் ஒன்று. வீட்டில் யாராவது மோசம் போய்விட்டால், அதாவது செத்துவிட்டால், அதைச் சாரதிக்குச் சொல்லமாட்டார்கள். அவர் கையில் ஸ்டியரிங். மனம் உடைந்தால் கை ஆடும். வளைவு, பாலம், எதிரே வருகிற பஸ்... வேண்டாம். கிளீனரின் போனுக்கு எடுப்பார்கள். கிளீனர் சாடையாக, "வீட்டில கொஞ்சம் சுகமில்லையாம், ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம்" என்பான். அனுபவப்பட்ட சாரதிக்கு அது போதும். ஒன்றும் கேட்கமாட்டார். பேசாமல் லொறியை வீட்டுப் பக்கம் திருப்புவார். வீட்டு வாசலில் பந்தலைக் கண்ட பிறகுதான் அழுவார்.

நல்ல வழக்கம். பல உயிரைக் காப்பாற்றிய வழக்கம். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு என் போன் அடித்தது. நசீர் காக்காவின் மச்சான். குரலைக் கேட்டதும் லொறிக்குப் பின்னால் போய்விட்டேன்.

"தம்பி, மாமி மௌத்தாயிட்டாங்க. சுபஹுத் தொழுதிட்டுச் சரிஞ்சவங்க, அவ்வளவுதான்."

சுபஹு என்றால் விடியற்காலைத் தொழுகை, மௌத்து என்றால் சாவு. நசீர் காக்காவின் உம்மா போய்விட்டார்.

"காக்காட்டச் சொல்லிப்போடாதீங்க. வாகனத்தில இரிக்கிற மனிசன். கடும் வருத்தம் எண்டு சொல்லி எப்படியாவது இறக்கி அனுப்பிவிடுங்க. அஸருக்கு எடுக்கிறம். மூத்த மகன் அவர்தான், கபுறுக்குள்ள இறக்கணும்."

அஸர் என்றால் பின்னேரத் தொழுகை, கபுறு என்றால் புதைகுழி. ஆறு மணித்தியாலம் இருந்தது. ஓட்டோவில் அரை மணித்தியாலம். நேரம் தாராளம், இல்லையா?

முன்னால் வந்தேன். நசீர் காக்கா மிதிபலகையில் இருந்து பிளேன்ரி குடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, மச்சான் எடுத்தவர். உம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம்."

கடும் வருத்தம் என்று சொல்லச் சொன்னார்கள். என் வாய் கொஞ்சம் என்றது. ஏன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நசீர் காக்கா சிரித்தார். ஆம், சிரித்தார்.

"உம்மாட வருத்தம் எனக்குத் தெரியாதா தம்பி? என்னைக் காணணும் எண்டா அவங்களுக்கு வருத்தம் வந்திரும். போன மாசம் ரெண்டு தரம். விழுந்தடிச்சு ஓடினா, முற்றத்தில இரிந்து முருங்கையிலை உருவிக்கிட்டு இரிக்காங்க. 'வந்திட்டியா மனே, கருவாடு பொரிச்சு வச்சிரிக்கன்' எண்டாங்க. நல்ல வருத்தம்!"

"இல்லைக் காக்கா, ஒருக்காப் போயிட்டு..."

"முன்னுக்கு நாலு இலக்கம்தான் கிடக்கு. ரெண்டு நாள் நிண்டிட்டு இப்ப விட்டா வாலுக்குப் போகணும். ஏத்திக்கிட்டுப் போற வழிதானே கிண்ணியா? லொறியை முனையில விட்டுப்போட்டு உம்மாவைப் பார்த்திட்டுப் போவம். நீங்களும் கருவாடு சாப்பிடலாம்."

எந்தச் சாரதிக்கும் விளங்குகிற பேச்சு, அவருக்கு மட்டும் விளங்கவில்லை. அந்தச் 'சுகமில்லை'யைத்தான் அவருடைய உம்மா ஏற்கெனவே இரண்டுமுறை எடுத்துச் செலவழித்துவிட்டாரே.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வழக்கம் தடுத்தது என்று எழுதிவிட்டுத் தப்பலாம். உண்மை இன்னும் கொஞ்சம் அசிங்கமானது. அந்தத் தார் ரோட்டில் இரண்டு நாள் வெந்திருந்தேன். நாலு இலக்கம் என்று அவர் சொன்னபோது எனக்கும் ஆசை வந்தது. மத்தியானத்துக்குள் ஏற்றிவிடலாம், இரண்டு மணிக்குக் கிண்ணியாவில் நிற்கலாம், எல்லாம் சரிவரும் என்று கணக்குப் போட்டேன். சாவு வீட்டையும் மூட்டை ஏற்றுவதையும் ஒரே கணக்கில் போட்டேன்.

பதினொரு மணிக்கு இரண்டு இலக்கம் போனது. பிறகு முகில் வந்தது.

பன்னிரண்டரைக்கு மச்சான் மறுபடி எடுத்தார். "வெளிக்கிட்டிட்டாரா?"

"இன்னும் ரெண்டு இலக்கம்தான்."

"என்ன இலக்கம் தம்பி! சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னனான்" என்றேன். பொய்யா அது? பாதி சொன்னேனே.

இரண்டரைக்கு எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நசீர் காக்கா "பிஸ்மில்லாஹ்" சொல்லி இயந்திரத்தை எழுப்பினார். வரிசையே கைதட்டியது. சிவம் அண்ணை பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தார் — அடுத்த இலக்கம் அவருடையது, அவரும் உள்ளே வந்தார். எங்களுக்குப் பின்னால் வாசல் மூடியது. பாஸை வாங்கித் தராசுக் கிளார்க்கின் மேசையில் வைத்தார்கள்.

மூட்டைகள் ஏறத் தொடங்கின. பாதியில் தையல் மிஷின் நின்றது.

மூன்றரைக்கு என் போன் மறுபடி அடித்தது. மூட்டைகளுக்கு மேலே நின்றேன். திரையைப் பார்த்தேன். எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி இருக்கும். நசீர் காக்கா லொறிக்குள் இருந்து போனை எடுத்தார். நான் இறங்கி வந்து கதவோரம் நின்றேன். திரையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"புதினமா இரிக்கே. காலையில இரிந்து என்ட போன் ஒரு தரமும் அடிக்கல்ல."

நான் கதவுத் தூசியைத் துணியால் துடைத்தேன்.

"மகள் எந்த நாளும் மத்தியானம் எடுப்பா. சாப்பிட்டீங்களா வாப்பா எண்டு கேட்காம விடமாட்டா. அவளும் எடுக்கல்ல. மனிசியும் எடுக்கல்ல..."

அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடம் லொறி ஓட்டியவர். எத்தனையோ சாரதிகளுக்கு எத்தனையோ கிளீனர்கள் மறைத்ததைப் பார்த்தவர்.

"தம்பி... உம்மா இரிக்காங்களா?"

நான் கதவை விட்டு விலகி அவருக்கு வழிவிட்டேன்.

கதவைத் திறந்து குதித்து ஓடினார். வெறுங்காலோடு ஓடினார். வாசலில் இருந்த காவலாளி சிங்களவர், வயதானவர். கையை நீட்டிப் பாஸ் கேட்டார். பாஸ் கிளார்க்கின் மேசையில். நசீர் காக்காவுக்கு நன்றாகச் சிங்களம் தெரியும், ஆனால் அந்த நேரம் "அம்மா... அம்மா..." என்பது மட்டும்தான் வந்தது. அது இரண்டு மொழிக்கும் பொதுதானே. காவலாளி ஒன்றும் எழுதவில்லை, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சின்னக் கதவைத் திறந்துவிட்டார். ரோட்டில் இறங்கி ஓட்டோவையும் அவரே மறித்தார்.

சட்டம் அவ்வளவுதான். ஒரு சொல்லுக்குத் திறக்கிற கதவு. அந்தச் சொல்லைத்தான் ஒன்பதரையிலிருந்து நான் வாய்க்குள் வைத்திருந்தேன்.

சிவம் அண்ணை இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காத முகத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

"விசரா உனக்கு? ஓடுற வாகனத்திலதான்ரா சொல்லக்கூடாது! இது ஓடுதா? மூண்டு நாளா நிண்ட இடத்தில நிக்கிற இரும்பு. நீ என்னத்துக்குப் பயந்தனீ?"

"வழக்கம் அண்ணை..."

"செத்தவீடு எண்டா இந்த வரிசை விட்டிராதோ? லொறியை ஓரங்கட்டிப்போட்டு நாங்கள் அவரின்ர இலக்கத்துக்குக் காவல் இருந்திருப்பம். கிளார்க்கோட நான் கதைச்சிருப்பன். ஒருத்தன்கூட மறுக்க மாட்டான். எங்களில ஆருக்கு வீட்டில தாய் தகப்பன் இல்லை?"

அந்த வழக்கமும் இருக்கிறது. எனக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் பாதி வழக்கத்தைப் படித்தவன் நான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.

கிளார்க்கோடு கதைத்து, ஏறின மூட்டைகளோடு எங்கள் லொறியைச் சிவம் அண்ணையே வெளியே எடுத்துத் தந்தார். ரோட்டோரத்தில் நிறுத்திச் சாவியை என் கையில் வைத்தார். ஆசனத்துக்குப் பின்னால் நசீர் காக்காவின் செருப்பு இருந்தது. அதைக் கடுதாசியில் சுற்றி, என் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாலாவது ஒழுங்கையில் ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். வாசலில் ஒரு குவியல் செருப்பு. கொண்டுபோன சோடியை அந்தக் குவியலின் ஓரத்தில் வைத்தேன். வைத்த பிறகு அதுவும் மற்றச் செருப்புகளைப் போலத்தான் கிடந்தது.

மச்சான் ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். முடிந்த அளவு பார்த்தார்களாம். தொழுகை முடிந்து இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்களாம். பெரியவர்கள் சுணக்க வேண்டாம் என்றார்களாம். இளைய மகன் கபுறுக்குள் இறங்கினார். நசீர் காக்காவின் ஓட்டோ, அடக்கம் செய்கிற மையவாடிக்கு வந்தபோது, வெறும் சந்தூக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உம்மாவைக் கொண்டுபோன அதே கட்டில். பாரமில்லாமல் வந்தது.

நசீர் காக்கா முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்தார். காலில் மையவாடி மண். முருங்கை மரம் பக்கத்திலேயே நின்றது. நான் போய் முன்னால் நின்றேன்.

"எத்தின மணிக்குத் தெரியும் உங்களுக்கு?"

"ஒன்பதரை."

அவர் தலையாட்டினார். இலக்கத் துண்டைப் பார்க்கிறபோது ஆட்டுகிற மாதிரி, மெதுவாக.

"நான் சிரிச்சனான், இல்லியா தம்பி? நீங்க சொல்லக்குள்ள நான் சிரிச்சிட்டன்."

"காக்கா, பிழை என்னில..."

"நாலு இலக்கம் எண்டு நான்தானே சொன்னன்."

அவ்வளவுதான். ஏசுவார் என்று காத்திருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சஹன் தட்டில் சோறு வந்தது. என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க. காலையில இரிந்து நீங்களும் ஒண்டும் சாப்பிடல்ல."

சாப்பிட்டேன். கை கழுவி வந்து லொறிச் சாவியை மச்சானிடம் கொடுத்தேன். வெளிக்கிடும்போது நசீர் காக்கா கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு வராதீங்க. கோபமில்ல. உங்கட முகத்தைப் பார்த்தா அந்த ஒன்பதரைதான் ஞாபகம் வரும்."

அப்படித்தான் பாலத்துக்கு வந்தேன்.

வெள்ளைமணலைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. சீனக்குடாப் பஸ் தரிப்பிடத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். ஏன் அங்கே போனேன்? தெரியவில்லை. மாடு கட்டின இடத்துக்கே திரும்பி வருமே, அப்படி இருக்கலாம்.

விடிந்ததும் அதே வரிசை. வேறு லொறிகள், அதே காஸ் அடுப்புகள். ஏற்றுகிற இடத்து மேற்பார்வையாளர் அன்ரன் ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்தார். திருகோணமலை டவுனில் தேவாலயத்தில் பாடுகிறவர், சாந்தமான ஆள்.

"நீர் நசீரின்ர கிளீனர் எல்லே? தனிய நிக்கிறீர்?"

"வேலை இல்லை ஐயா."

"இலக்கம் கூப்பிட ஒரு ஆள் வேணும். முந்தி நிண்டவன் நேற்றுப் பின்னேரம் ஆரோ சாரதியிட்ட அடி வாங்கிக்கொண்டு போயிட்டான். வாசிக்கத் தெரியுமோ?"

"எட்டு மட்டும் படிச்சனான்."

"இலக்கம் வாசிக்க எட்டு காணும்."

துண்டுக் கட்டையும் ஒரு விசிலையும் தந்தார். போகிற போக்கில் திரும்பி, "ஒண்டு சொல்லுறன். எத்தினை மணிக்கு எண்டு கேட்பினம். 'இப்ப, இப்ப' எண்டு மட்டும் சொல்லும். நேரம் சொல்லிப்போடாதேயும். சொன்னால் ஆக்கள் அங்கங்க போயிடுவினம், பிறகு கூப்பிடேக்க ஒருத்தரும் இராயினம்" என்றார்.

அவருடைய காரணமும் நியாயமான காரணம்தான்.

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையின் வால் பக்கம் நடந்தேன். கடைசி லொறி, முதல்நாள் இரவு வந்ததாம். சாரதி என் வயதுக்காரர், முகமெல்லாம் சவர நுரை. கண்ணாடியிலிருந்து திரும்பினார்.

"அண்ணை, எங்கட இலக்கம் எத்தினை மணிக்கு வரும்?"

அன்ரன் ஐயா சொன்னது காதில் இருந்தது. நசீர் காக்கா சிரித்ததும் இருந்தது.

"இண்டைக்கு வராது" என்றேன். "நாளைக்குப் பின்னேரம்தான். உண்மையைச் சொல்லுறன். வீடு கிட்ட எண்டால் ஒருக்காப் போயிட்டு வாங்கோ. இலக்கத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்."

நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். அவர் கையிலிருந்த சவரக்கத்தி அப்படியே நின்றது. நுரைக்குள் முகம் வெளிறிப் போனது.

"ஏன்... வீட்டில என்ன?"

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை, அவர் தன் போனைத் தேடிக்கொண்டிருந்தார்.